எதிராளியின் முகம்

1

பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் சட்டப் புத்தகத்தை இலக்கியக்காரர்கள் படிப்பதில்லை. படித்தால் நல்லது என்பது என் கட்சி. இன்னொரு மனிதனின் முகத்தை, தயக்கத்தை, குரலின் ஏற்ற இறக்கத்தை யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது, படித்ததை வைத்து எது வரைக்கும் போகலாம் என்பதை அதை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். உபதேசம் கிடையாது. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நான்கு பேரை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட வறண்ட வாக்கியங்கள்தான். ஆனால் நம் அறநூல்கள் அரைகுறையாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்ட ஓர் இடத்தை அவை நின்று பார்த்திருக்கின்றன.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். நான்கு பேர், எதிரெதிரே உட்காரும் இருவர் கூட்டாளிகள். 52 சீட்டு, ஆளுக்கு 13. முதலில் ஏலம்: எத்தனை பிடி எடுக்கப்போகிறோம், எந்த ஜாதி துருப்பு என்று. பிறகு ஆட்டம். கூட்டாளியோடு பேச ஏலச் சொல்லையும் இறக்கும் சீட்டையும் தவிர வேறு வழி கிடையாது. அந்தச் சொல்லுக்கு நீங்கள் இருவரும் வைத்துக்கொண்டிருக்கும் அர்த்தத்தை எதிராளி கேட்டால் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். போட்டி ஆட்டத்தில் அதே பகிர்வு மற்ற மேஜைகளுக்கும் போகிறது. ஆக, நல்ல சீட்டு வந்ததால் ஜெயித்தேன் என்று சொல்ல முடியாது. ஒரே கையை யார் எப்படி ஆடினார்கள் என்பதே கணக்கு.

இனி விதி. சட்டப் புத்தகத்தின் 73-ஆம் விதி எதிராளியைப் பற்றிச் சொல்வது இது: அவன் தயங்குகிறான், அவசரப்படுகிறான், குரல் மாறுகிறது என்றால், அதிலிருந்து நீ எதை வேண்டுமானாலும் ஊகித்துக்கொள்ளலாம், ஊகம் தப்பினால் நஷ்டம் உன்னுடையது. அதே தயக்கம் கூட்டாளியிடமிருந்து வந்தால், 16-ஆம் விதியும் சேர்ந்துகொண்டு, அது உனக்குச் சொந்தமில்லாத செய்தி என்கிறது. நியாயமான வேறு வழிகள் இருக்கும்போது அந்தத் தயக்கம் சுட்டுகிற வழியை நீ தேர்ந்தெடுக்கக் கூடாது. மூன்றாவதாக, எதிராளியை ஏமாற்றுவதற்காக வேண்டுமென்றே தயங்குவதும், பெருமூச்சு விடுவதும், சீட்டை ஓங்கி அடிப்பதும் குற்றம். முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள முயலலாம். பொய்யாக ஒரு முகத்தைச் செய்து காட்டக் கூடாது.

நம் பொதுப்புத்தி இதற்கு நேர் எதிராக ஓடுவது. எதிரியின் முகத்தைப் படிப்பது கபடம் என்றும், சிநேகிதன் கண்ணசைவைப் புரிந்துகொள்வது அன்யோன்யம் என்றும் நாம் வைத்திருக்கிறோம். இந்த ஆட்டம் எதிரிக்கு முகத்தைத் திறந்து வைக்கிறது, சிநேகிதனுக்குச் சாத்துகிறது. இது வெறும் ஆட்ட விதியா, அல்லது ஆட்டத்துக்கு வெளியிலும் நமக்கு வேண்டியதா என்பதுதான் கேள்வி.

2

தமிழில் இதற்கான சொற்கள் இல்லாமல் இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்தில் நடப்பது உடம்பில் வெளிப்பட்டுவிடுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை முதலாக உவகை ஈறாக எட்டு. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கிறது. இயலின் கடைசியில், கண்ணாலும் காதாலும் உறுதியாக உணர்கிற சக்தி உள்ளவர்களுக்கன்றி மற்றவர்களுக்கு இது பிடிபடாது என்று முடிக்கிறார். மெய்ப்பாடு காட்டுகிறவன் கையில் இல்லை. பார்க்கிறவன் கூர்மையில் இருக்கிறது என்பது இதன் பொருள். எதிராளியின் தயக்கம் மெய்ப்பாடு.

மெய்ப்பாட்டுக்கு நேர் எதிரான ஒன்றை நன்னூல் பெயரிட்டு வைத்திருக்கிறது: குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் செலாவணியாக வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பதும் உரைகாரர் தரும் உதாரணங்கள். கள்ளுக்குச் சொல்விளம்பி என்று பெயர் வைத்தவன் சாமான்யன் அல்ல. உள்ளே இருப்பதை ஒரு மிடறில் வெளியே கொட்டவைப்பது அது என்பதை அவன் அறிந்திருந்தான். மெய்ப்பாட்டைத் தூண்டுகிற ஒரு பொருளுக்கு ஒரு குழூஉக்குறி! இரண்டும் இந்த ஒரு சொல்லில் சந்தித்துக்கொள்கின்றன.

மெய்ப்பாடு தன்னை அறியாமல் கசிவது. குழூஉக்குறி முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டது. பிரிட்ஜ் சட்டம் முழுவதையும் இந்த இரண்டு சொற்களால் சொல்லிவிடலாம். கூட்டாளிகள் பேசி வைத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அது ஏலம். ரகசியமாக இருந்தால் அது குழூஉக்குறி, அதாவது மோசடி. கசிவது மெய்ப்பாடு. அதைப் படிக்க எதிராளிக்கு மட்டும் உரிமை.

திருவள்ளுவரிடம் வரும்போது ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. குறிப்பறிதல் என்று ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள்: 71-ஆவது பொருட்பாலில், 110-ஆவது காமத்துப்பாலில். முதலாவதில் அரசன் முகத்தைப் படிக்கும் அமைச்சன். உள்ளத்தைப் பளிங்குபோலக் காட்டுகிறது முகம் என்ற உவமை அங்கேதான் வருகிறது. இரண்டாவதில் ஒருத்தியின் பார்வையைப் படிக்கும் காதலன். இரண்டிலும் படிக்கிறவன் படிக்கப்படுகிறவனைச் சேர்ந்தவன், நெருங்க விரும்புகிறவன். எதிராளியின் முகத்தைப் படிப்பதற்கு வள்ளுவர் அதிகாரம் ஒதுக்கவில்லை. ஒற்றாடல் (59) இருக்கிறது. ஆனால் ஒற்றன் முகம் படிப்பவன் அல்ல, செய்தி கொண்டு வருபவன். சூது (94) இருக்கிறது. அங்கே ஆட்டத்தையே வேண்டாம் என்றுவிடுகிறார். வேண்டாம் என்ற பிறகு அதற்குள் எது நியாயம் என்று பேச இடமில்லை.

இது குறை சொல்வதற்காக அல்ல. சூதுக்கு வெளியே நின்று சூதைக் கண்டிக்கும் மரபு நமக்கு வளமாக இருக்கிறது. பாரதக் கதை அதற்குப் போதும். ஆனால் ஆட்டத்துக்குள் உட்கார்ந்தபின் எப்படி நடந்துகொள்வது என்று யோசிக்கும் மரபு மெலிந்தது. சகுனியின் குற்றம் தர்மனின் முகத்தைப் படித்ததா? அப்படிச் சொல்வார் இல்லை. தர்மன் நிறுத்தமாட்டான் என்பதை அறிந்திருந்ததா என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன்.

3

ஹெரால்ட் வாண்டர்பில்ட் 1925-இல் ஒரு கப்பல் பயணத்தில் இன்றைய காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு வடிவம் கொடுத்தார். அடுத்த நாற்பது வருஷத்தில் அதன் பெரும் ஊழல் வந்துவிட்டது. 1965, ப்யூனஸ் ஐரிஸ். உலகப் போட்டியில் பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸ், போரிஸ் ஷப்பிரோ இருவரும் சீட்டைப் பிடிக்கும்போது பின்புறம் காட்டும் விரல்களின் எண்ணிக்கையால் தங்களிடமுள்ள ஹார்ட் சீட்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. உலக பிரிட்ஜ் சம்மேளனம் குற்றவாளிகள் என்றது. சர் ஜான் ஃபாஸ்டர் தலைமையில் லண்டனில் நடந்த விசாரணை, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்று 1966-இல் சொன்னது. ரீஸ் ஒரு புத்தகம் எழுதினார். குற்றம் சாட்டிய தரப்பிலிருந்து ஆலன் ட்ரஸ்காட் ஒரு புத்தகம் எழுதினார்.

யார் சொன்னது சரி என்பதில் எனக்கு அக்கறை குறைவு. அங்கே வந்து நின்ற கேள்வி முக்கியம். ஒரு மனிதன் சீட்டை இரண்டு விரலால் பிடிப்பது அவன் வழக்கமா, அவன் வாக்கியமா? மெய்ப்பாடா, குழூஉக்குறியா? வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே விரல்தான். மோசடிக்காரன் எப்போதும் மெய்ப்பாட்டின் வேஷத்தில்தான் வருவான். இருமல், மூக்கைத் தடவுதல், நாற்காலியை நகர்த்தல் என்று உடம்பின் அப்பாவித்தனமெல்லாம் அவனுக்கு எழுத்து.

பத்து வருஷம் கழித்து, 1975-இல் பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில், முதன்முதலாகக் கூட்டாளிகளுக்கு நடுவே தட்டி வைத்தார்கள். மேஜைக்குக் குறுக்கே மூலைக்கு மூலை நிற்கும் அந்தத் தட்டியால் கூட்டாளியின் முகம் மறைந்தது. தட்டி வைத்த அதே போட்டியில் இத்தாலியின் ஃபாக்கினியும் ஸுக்கெல்லியும் மேஜைக்கு அடியில் காலை அசைத்துக்கொண்டார்கள் என்று புகார். கடுமையாகக் கண்டிக்கப்பட்டார்கள், மேஜைக்கு அடியில் சிறிய காப்பி மேஜைகளைப் போட்டுக் காலுக்கும் தடுப்பு வைத்தார்கள். முகத்தை மூடினால் பேச்சு காலுக்கு இறங்குகிறது. ஏலத்தை வாயால் சொன்னால் குரலில் செய்தி போகிறது என்று அச்சடித்த ஏலச் சீட்டுகளைப் பெட்டியில் வைத்தார்கள். 2015-இல் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள், சீட்டு வைக்கும் பலகையை மேஜையில் எங்கே வைக்கிறார்கள் என்பதிலேயே ஒரு சங்கேதத்தைக் கண்டார்கள். 2020-இல் கொரோனா காலத்தில் ஆட்டம் கணினித் திரைக்குப் போனது. முகம், விரல், கால் எல்லாம் போயின. உடனே வேறொன்று வந்தது: ஆடிக்கொண்டே வேறு பெயரில் பார்வையாளராக நுழைந்து நான்கு பேர் கையையும் பார்ப்பது.

தட்டியின் அமைப்பை ஒரு நிமிஷம் கவனிக்க வேண்டும். தட்டிக்கு ஒரு பக்கத்தில் நீங்களும் ஒரு எதிராளியும்; மறுபக்கத்தில் உங்கள் கூட்டாளியும் இன்னொரு எதிராளியும். ஆக நீங்கள் பார்க்கக்கூடிய ஒரே முகம் எதிராளியுடையது. 73-ஆம் விதி எழுத்தில் சொன்னதை மரப்பலகை ஸ்தூலமாகச் சொல்லிவிட்டது. சிநேகிதன் மறைய வேண்டியவன். எதிரி தெரிய வேண்டியவன்.

பிரிட்ஜ்காரர்கள் ஒழுங்கற்ற நடத்தைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பொய்யாகத் தயங்குவது, தோற்கிறவன் மாதிரி முகத்தைத் தொங்கப்போடுவது, வெறுமனே ஒரு கேள்வி கேட்டு எதிராளியைக் குழப்புவது இவற்றுக்கெல்லாம் காஃபி ஹவுஸிங் என்று பெயர். காப்பிக்கடையில் உட்கார்ந்து இலக்கியம் வளர்த்த நம்மவர்கள் இந்தப் பிரயோகத்தைக் கோபமில்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

4

தட்டி மேல்நாட்டுச் சரக்கு. நம் பக்கத்துச் சரக்கு துண்டு.

போளூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவே இருக்கிற சந்தவாசல் என் ஊர். பக்கத்தில் கேளூர்ச் சந்தைமேட்டில் மாட்டுச் சந்தை. மாட்டுத் தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டுக்கொள்வார். வாங்குகிறவன் கை துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தால் ஒரு எண், மடக்கினால் ஒரு எண், கை முழுவதையும் அழுத்தினால் இன்னொன்று. வாய் பேசுவதெல்லாம் மழையைப் பற்றி. சுற்றி இருபது பேர் நிற்பார்கள். ஒருவருக்கும் விலை தெரியாது. தமிழ்நாட்டின் பல மாட்டுச் சந்தைகளில் இந்த வழக்கம் உண்டு.

தட்டியும் துண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று தோன்றலாம். தட்டி, பேசக் கூடாத இருவர் பேசுவதைத் தடுக்கிறது. துண்டு, பேச வேண்டிய இருவர் பேசுவதை மற்றவர்களிடமிருந்து மறைக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு விஷயம் பொது: இரண்டும் முகத்தை நம்பவில்லை. சுற்றி நிற்கிறவர்கள் துண்டுக்குள் பார்க்க முடியாததால் முகங்களைப் பார்க்கிறார்கள். விற்கிறவன் புருவம் ஏறுகிறதா, வாங்குகிறவன் உதட்டைக் கடிக்கிறானா? அடுத்து வாங்க நினைக்கிறவனுக்கு அது ஒரு படிப்பு. அதை யாரும் திருட்டு என்று சொல்லிக் கேட்டதில்லை. தப்பாகப் படித்தால் கிழ மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். 73-ஆம் விதியின் 'நஷ்டம் உன்னுடையது' என்ற வாசகத்தைச் சந்தை யாரும் எழுதிக் கொடுக்காமலே வைத்திருந்தது.

சீட்டிலும் நமக்குச் சொந்தமான உதாரணம் இருக்கிறது: 304. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆடப்படுவது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; ஜாதிக்கு 76 வீதம் நான்கு ஜாதிக்கு 304. கூட்டாளி உண்டு, ஏலம் உண்டு, துருப்பைக் கவிழ்த்து வைப்பது உண்டு. பிரிட்ஜின் எலும்பெல்லாம் இதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஜாதிகளுக்கு உருவிதன், ஆடுதன், கலாவரை, இஸ்கோப்பன் என்று பெயர்; 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர் விட்டுப்போன சொற்கள். திண்ணை ஆட்டத்தில் கூட்டாளிக்குச் சாடை காட்டுவது பாதி ருசி. காதைத் தொட்டால் ஒன்று, தொண்டையைச் செருமினால் ஒன்று. பிடிபட்டால் சிரிப்பு, பிடிபடாவிட்டால் பெருமை. எதிர்த்தரப்பும் அதையே செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே குழூஉக்குறி மோசடியாகாமல் விளையாட்டாக நிற்பதற்குக் காரணம் அந்தச் சமநிலைதான். பணம் வைத்து ஆடும்போது அதே காதுத் தொடல் அடிதடியில் முடிகிறது.

உச்சநீதிமன்றம் 1967-இல் செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய சத்தியநாராயணா வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சேர்ந்தது என்று முடிவு செய்தபோது, அதிலுள்ள அதிர்ஷ்டத்தைப் பிரிட்ஜ் பகிர்விலுள்ள அதிர்ஷ்டத்தோடு ஒப்பிட்டது. திறமை என்று நீதிமன்றம் எண்ணியது, விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைப்பதையும், வைத்துக்கொள்வதிலும் கழிப்பதிலும் காட்டும் சாமர்த்தியத்தையும். முகம் படிப்பது கணக்கில் வரவில்லை. ஆனால் சீட்டு ஆடிய எவனுக்கும் தெரியும், எதிரில் இருப்பவன் கழிக்கும்போது கை எவ்வளவு நேரம் தயங்கியது என்பதும் ஞாபகத்தின் ஒரு பகுதிதான்.

5

கூட்டாளியே இல்லாத ஆட்டத்தில் இந்தப் பிரச்னை சுத்தமாகத் தெரியும். சதுரங்கத்தில் மறைவு என்று எதுவும் இல்லை. எல்லாம் பலகையில் இருக்கிறது. இருந்தும் முகம் போகவில்லை. 1959 காண்டிடேட்ஸ் போட்டியில் மிகைல் தாலின் பார்வையைத் தாங்கமாட்டாமல் பால் பென்கோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். நம் காலத்து உதாரணம் 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்தின் பதினான்காவது, கடைசி ஆட்டம். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரனும் சம புள்ளிகளில். ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் முதலில் நம்பவில்லை; பிறகு கண் விரிந்தது; தண்ணீர் குடித்துத் தன்னைச் சமாளித்துக்கொண்டார். தான் செய்தது தப்பு என்பது எதிரே இருந்த முகத்தின் சந்தோஷத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது என்று டிங் பிறகு சொன்னார்.

தொல்காப்பியர் உவகை என்று சொன்னது அது. குகேஷ் அதைக் காட்ட நினைக்கவில்லை. மறைக்க வேண்டிய கடமையும் இல்லை. டிங் அதைப் படித்தார். படித்ததால் பலகையில் ஒன்றும் மாறவில்லை, காய் வைத்தாகிவிட்டது. இதில் யாரும் யாரையும் சுரண்டவில்லை. ஏன்? இருவர் கையிலும் ஒரே காய்கள். இருவருக்கும் ஒரே கடிகாரம். இருவரும் இஷ்டப்பட்டு வந்து உட்கார்ந்தவர்கள். ஆட்டம் முடிந்தால் எழுந்து போகலாம். நீ என் முகத்தைப் படிக்கும் அதே தூரத்தில் நானும் உன் முகத்தைப் படிக்கிறேன்.

எதிராளியின் மெய்ப்பாட்டைப் படிக்கும் உரிமை இந்த நான்கு கால்களில் நிற்கிறது: சமமான கை, சம்மதம், எதிர்ப்பார்வை, முடிவு. 73-ஆம் விதி இவற்றைச் சொல்லவில்லை, சொல்லாமல் எடுத்துக்கொள்கிறது. மேஜை என்ற ஒன்று இருந்தால் இவையெல்லாம் இருக்கும் என்று அதற்கு நம்பிக்கை. சகுனி விஷயம் இங்கே விளங்குகிறது. அவன் படித்தது ஆட்டக்காரனின் முகத்தை அல்ல, நிறுத்த முடியாதவனின் பலவீனத்தை. ஒரு கால் ஒடிந்த பிறகும் அவன் அதை ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

6

ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், சந்தவாசல் வட்டாரத்தில் பட்டுத் தறி வைத்திருப்பவர்களில் பலர் தங்கள் சேலையைத் தாங்கள் விற்பவர்கள் அல்லர். முதலாளியிடம் பாவும் ஊடைக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டு வாங்கிவந்து, நெய்து, அறுத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குகிறவர்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது தீரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. சேலையைத் திரும்ப எடை போடுவார்கள். பழுது பார்ப்பார்கள். பிடித்தம் எவ்வளவு என்பது அப்போது முடிவாகும்.

அந்தப் பிடித்தம் பழுதைப் பொறுத்தது என்பது ஏட்டுக் கணக்கு. என் சிறுபிராயத்தில் எங்கள் தெருவில் சேலை கொடுக்கப் போகும் பெரியவர்கள் கிளம்புமுன் முகம் கழுவி, திருநீறு பூசி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பக்தி என்று நினைத்திருந்தேன். ஒருவர் சொன்னார்: "வீட்டுல அரிசி இல்லேன்னு மூஞ்சியில தெரிஞ்சா அம்பது ரூபா போயிடும்டா." தேவை முகத்தில் தெரிந்தால் விலை இறங்கும். பெண் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் இறங்கும். பாயில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர் சேலையை விரிக்குமுன் ஆளைத்தான் விரித்துப் பார்ப்பார். குழந்தைகள் சௌக்கியமா என்று கேட்பார். அந்தக் கேள்வி அன்பா, உளவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கலந்தே இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிரிட்ஜ் சட்டத்தை இந்தப் பாய்க்குக் கொண்டுவந்து பாருங்கள். எதிராளியின் மெய்ப்பாட்டைப் படித்தார். ஊகம் தப்பினால் நஷ்டம் அவருடையது. ஆகவே குற்றமில்லை என்று வாதிக்க முடியுமா? முடியாது. சமமான கை இல்லை. ஒருவரிடம் பட்டும் பணமும் நேரமும். இன்னொருவரிடம் நெய்த சேலை மட்டும். சம்மதம் என்று சொல்வது முன்பணத்துக்கு வைத்த நாகரிகப் பெயர். எதிர்ப்பார்வை இல்லை; கணக்குப் பார்க்கிறவர் முகத்தில் படிக்க ஒன்றும் கிடையாது, இன்றைக்கு இந்தச் சேலை வராவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. முகம் தேவை உள்ளவனுக்குத்தான் பேசும். முடிவும் இல்லை, அடுத்த பாவை வாங்க அதே பாய்க்கு வர வேண்டும். நான்கு கால்களும் இல்லாத இடத்தில் முகம் படிப்பது ஆட்டமல்ல.

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது கூடுதலாகக் கொள்ளாதவர்கள், கொடுக்கும்போது குறைக்காதவர்கள். வள்ளுவர் வாணிகத்துக்குச் சொன்னது, பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேண வேண்டும் என்று. இரண்டும் பொருளைப் பற்றியவை. ஆளின் முகத்தைப் பற்றியவை அல்ல. ஒருவேளை அதுதான் சரியோ என்னவோ. நியாயமான வியாபாரம் என்பது முகத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்ப்பது.

இந்த நோக்கில் பார்க்கும்போது கூட்டுறவுச் சங்கங்களின் சரித்திரம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. கோ-ஆப்டெக்ஸ் என்று பிற்பாடு பெயர் பெற்ற அமைப்பு 1935-இல் தொடங்கியது. சங்கங்கள் செய்ததிலும் செய்யாமல் விட்டதிலும் குறைகள் ஏராளம். அதை இங்கே பட்டியல் போட வேண்டியதில்லை. ஆனால் ரகத்துக்கு இவ்வளவு கூலி என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும்போது நடக்கும் காரியத்தை யாரும் போதுமான அளவு மெச்சவில்லை. அந்தத் தாள் ஒரு தட்டி. நெசவாளி அழுத முகத்தோடு வந்தாலும் சிரித்த முகத்தோடு வந்தாலும் ரகத்துக்குக் கூலி அதே. மெய்ப்பாட்டுக்கு விலை இல்லாமல் போகிறது. பெர்முடாவில் மரப்பலகை வைப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே, வேறு காரணத்துக்காக, நம்மவர்கள் தட்டி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அழுவதற்கான சுதந்திரத்தை ஒரு கூலி விகிதம் கொடுக்க முடியும் என்பது எந்த அழகியல் நூலிலும் இல்லாத செய்தி.

7

கடைசியாக நம்மைப் பற்றி.

சிறுபத்திரிகை வட்டம் என்பதும் நான்கு பேர் மேஜைதான். நாம் இரண்டு காரியங்களைச் செய்து வருகிறோம். பிடிக்காத எழுத்தாளனை விமர்சிக்கும்போது அவன் ஆடிய சீட்டை விட்டுவிட்டு அவன் ஆளைப் படிக்கிறோம்: உத்தியோகம், ஜாதி, யாரோடு காப்பி குடிக்கிறான். சிநேகிதன் புத்தகத்துக்கு எழுதும்போது சாடையில் பேசுகிறோம். 'கவனத்துக்குரிய முயற்சி' என்றால் தேறாது என்று நமக்குள் அர்த்தம். 'முக்கியமான தொகுப்பு' என்றால் இன்னும் படிக்கவில்லை. வெளியிலிருந்து பத்திரிகை வாங்கிப் படிக்கிறவனுக்கு இந்த அகராதி கொடுக்கப்படவில்லை. அவன் சந்தா கட்டியிருக்கிறான். ஏலத்தின் அர்த்தத்தைக் கேட்டால் சொல்லியாக வேண்டும் என்ற விதி அவன் விஷயத்தில் நமக்கு இல்லை.

எதிராளியின் எழுத்தில் ஒரு வாக்கியம் தடுமாறினால், ஓர் உவமை அவசரமாக விழுந்தால், அது படிக்க வேண்டிய மெய்ப்பாடு. அங்கே அவன் எதையோ மறைத்தான் என்று ஊகிக்கலாம். ஊகத்துக்கு நம் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டும். தப்பினால் நஷ்டம் நம்முடையது. இதை நாம் செய்வதே இல்லை. பக்கத்தைப் படிக்க வேண்டிய சிரமம் அதில் இருக்கிறது. சிநேகிதன் முன்னுரை எழுதுமுன் கடிதத்தில் சொன்னது, பின்னிரவில் சொன்னது இவை நமக்குத் தெரியும். தெரிந்ததாக வைத்துக்கொண்டு அவன் கவிதையில் இல்லாததை அதில் இருப்பதாகச் சொல்லக் கூடாது. தெரிந்ததை உபயோகிக்காமல் இருப்பது கடினம். பிரிட்ஜ்காரர்கள் அதைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். செய்யாதவர்களைத் தண்டிக்கவும் செய்கிறார்கள்.

நாம் விமர்சிக்கிற ஆள் நமக்குச் சமமான கை உள்ளவன்தானா என்பதும் உண்டு. முதல் தொகுப்பைத் தன் செலவில், மனைவியின் வளையலை அடகு வைத்து அச்சடித்துக் கொண்டுவந்து நிற்கிற ஒருவனின் முகத்தில் தேவை தெரியும். அப்போது பாயில் உட்கார்ந்திருப்பவர் நாம். சேலையைத்தான் விரித்துப் பார்க்க வேண்டும். பழுது இருந்தால் பழுது என்று சொல்ல வேண்டும். எடை சரியாக இருந்தால் கூலியைக் குறைக்கக் கூடாது.